தொட்டி உங்களுடையது, ஊற்று ஊருடையது

தலைப்பு: பாதாளச் சாக்கடை வராத ஊரில் சுகாதாரம் காக்கப் பெரிதும் தேவை அரசின் திட்டமே! வீட்டாரின் பொறுப்பே!

அணி: வீட்டாரின் பொறுப்பே!

அன்பும் பண்பும் நிறைந்த நடுவர் அவர்களே! அனல் பறக்கப் பேசிவிட்டு, இப்போது அமைதியாக மோர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! கடற்காற்றில் திரண்டு அமர்ந்திருக்கும் கடப்பாக்கத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் நல்ல உள்ளங்களே!

தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து தட்டைக் கொஞ்சம் கீழே வைத்துவிடுங்கள். ஏனென்றால் நான் பேசப் போவது செப்டிக் டேங்க்! (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. இதுதான் ஐயா சிக்கலே. புது வீடு கட்டினா வந்தவங்களை அழைச்சுக்கிட்டுப் போய் என்னென்ன காட்டறோம்? பூஜை அறையைக் காட்டறோம். மாடுலர் கிச்சனைக் காட்டறோம். "டைல்ஸ் பாருங்க, வழுக்கவே வழுக்காது"ன்னு வழுக்கிக் காட்டறோம். (சிரிப்பு) "வாங்க, செப்டிக் டேங்க் எப்படிக் கட்டியிருக்கேன்னு பாருங்க"ன்னு எவனாவது கூட்டிக்கிட்டுப் போயிருக்கானா? வீட்டிலே எல்லாத்துக்கும் திறப்பு விழா உண்டு. அதுக்கு மட்டும் மூடு விழா! (சிரிப்பு, கைதட்டல்) மூடியைப் போட்டு, மேலே சிமென்ட் பூசி, அதுக்கு மேலே டைல்ஸ் ஒட்டி, அதுக்கு மேலே ஸ்கூட்டரை நிறுத்திட்டோம். மறந்துட்டோம்.

நடுவர் அவர்களே, நாம் நிற்கிற மண் எப்படிப்பட்ட மண்? கடப்பாக்கம் இருப்பது இடைக்கழிநாடு பேரூராட்சியில். இடைக்கழிநாடு இன்று நேற்று வந்த பெயரா? பத்துப்பாட்டிலே சிறுபாணாற்றுப்படை பாடியவர் யார்? இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்! சங்கப் புலவனின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்த ஊர்ப்பெயர் இது. கழி என்றால் உப்பங்கழி. கழிகளுக்கு இடையிலே கிடக்கிற நாடு இடைக்கழிநாடு. நான் கேட்பது ஒன்றுதான். கழிக்கு இடையிலே இருந்த நாடு, நம் காலத்திலே கழிவுக்கு இடையிலே இருக்கிற நாடாக ஆகிவிடலாமா? (நீண்ட கைதட்டல்)

ஒரு பக்கம் வங்கக் கடல். இன்னொரு பக்கம் ஆலம்பரைக் கோட்டையைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற உப்பங்கழி. நடுவிலே மணல். தோண்டினால் சில அடியிலேயே தண்ணீர். தென்னை செழிப்பதும் தர்ப்பூசணி இனிப்பதும் அந்த மணலாலே, அந்த ஊற்றாலே. கடலுக்குப் பக்கத்திலே நல்ல தண்ணீர் கிடைப்பது இயற்கை கொடுத்த வரம். ஆனால் அந்த வரத்துக்கும் நம் செப்டிக் டேங்குக்கும் நடுவிலே எவ்வளவு மண் இருக்கிறது? மழைக்காலம் வந்தால் அதுவும் இல்லை. தொட்டியும் ஊற்றும் கைகுலுக்கிக்கொள்கின்றன!

எதிரணித் தோழர் என்ன சொன்னார்? "வரி கட்டறோம், பாதாளச் சாக்கடை போடச் சொல்லுங்க, பிரச்சினை தீர்ந்தது" என்றார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. சாக்கடைத் தண்ணீர் குழாயிலே தானாக ஓட வேண்டுமென்றால் சரிவு வேண்டும். சமதரையான கடற்கரையிலே சரிவு எங்கே கிடைக்கும்? ஆழமாகத் தோண்ட வேண்டும். தோண்டினால் ஊற்று பொங்கும். அங்கங்கே கிணறு கட்டிப் பம்பு வைத்துத் தள்ள வேண்டும். முடியாத காரியம் இல்லை. ஆனால் செலவும் காலமும் பிடிக்கிற காரியம். அதுவரைக்கும் என்ன செய்வது? "குழாய் வந்ததும் வர்றேன்"னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க முடியுமா? (பலத்த சிரிப்பு)

இந்தத் தொட்டி நம்ம ஊர்ச் சரக்கு இல்லை. பிரான்ஸ் நாட்டிலே மூராஸ் என்பவர் செய்து பார்த்து 1881-ல் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்திலே எக்ஸிடர் நகரத்திலே டொனால்ட் கேமரன் 1890-களில் அதற்கு "செப்டிக் டேங்க்" என்று பெயர் வைத்தார். பெயர் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று வீட்டுக்காரரைக் கேட்டால், "மேஸ்திரியைக் கேளுங்க" என்கிறார். மேஸ்திரியைக் கேட்டால், "எல்லா வீட்டுக்கும் இப்படித்தாங்க போடறது" என்கிறார்!

அது எப்படித்தான் வேலை செய்கிறது? அதற்கும் ஒரு வயிறு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போவது மூன்றாகப் பிரிகிறது. கனமானது அடியிலே கசடாகத் தங்குகிறது. எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கிறது. நடுவிலே தண்ணீர். காற்றே இல்லாத இடத்திலே வாழ்கிற நுண்ணுயிர்கள் அந்தக் கசடைத் தின்று செரிக்கின்றன. நடுவிலே இருக்கிற தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்குப் போய், அங்கிருந்து வெளியே போகிறது. அவ்வளவுதான் வேலை.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். வெளியே வருகிற தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் சுத்தமில்லை! வாந்தி பேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் அதிலே சவாரி செய்யும். அதைத் தெருக் கால்வாயிலே விடக் கூடாது. உறிஞ்சுகுழியிலே விட்டு, மண்ணுக்குள்ளே மெல்ல மெல்ல வடிய வைக்க வேண்டும். தொட்டி பாதி வேலைதான் செய்கிறது. மீதிப் பாதியை மண் செய்கிறது. அதுவும் ஈரம் ஊறாத மண் செய்கிறது. உலர்ந்த மண்ணின் வழியாக மெதுவாக இறங்கும்போதுதான் கிருமி மண்ணிலே ஒட்டிச் சாகிறது. அதனால்தான் கழிவுக் குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவிலே இரண்டு மீட்டராவது இடைவெளி வேண்டும் என்கிறார்கள். நேரே நிலத்தடி நீரிலே இறக்கிவிட்டால் வடிகட்ட யார் இருக்கிறார்கள்?

இப்போது நம்ம ஊர்க் கெட்டிக்காரர் ஒருவர் வருகிறார். "சார், நான் பத்துக்குப் பத்து டேங்க் கட்டியிருக்கேன். இருபது வருஷமாச்சு, ஒரு தடவை லாரி கூப்பிட்டதில்லை, ரொம்பினதே இல்லை!" எப்படி ஐயா ரொம்பவில்லை? ரகசியமாகச் சொல்கிறார்: "அடியிலே தரை போடாம விட்டுட்டேன்!" (சிரிப்பு) நீங்க சிரிக்கிறீங்க, அவர் பெருமையாச் சொல்றார்! அது தொட்டி இல்லை ஐயா, அது ஓட்டை! இருபது வருஷமா அது எங்கே போச்சு? பத்தடி தள்ளி உங்க போர்வெல்லுக்குப் போச்சு! நீங்க மோட்டார் போட்டு மேலே ஏத்தி, டேங்கிலே நிரப்பி, குழாயைத் திறந்து முகம் கழுவினீங்க! (கைதட்டல்)

"நாங்க கேன் தண்ணிதான் குடிக்கிறோம்" என்பார்கள். குடிக்கிறது கேன். காய்கறி கழுவுறது எதிலே? பாத்திரம் விளக்குறது எதிலே? குழந்தை குளிக்கும்போது நாலு மடக்கு விழுங்குதே, அது எதிலே? "கொதிக்க வெச்சுட்டா போச்சு" என்பார் இன்னொருவர். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சரி. ஆனால் கழிவிலிருந்து வருகிற நைட்ரேட் என்கிற உப்பு கொதிக்க வைத்தால் போகாது. குடிநீரிலே லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிர்ணயம். மீறினால் முதலில் தாக்கப்படுவது பால்குடிக் குழந்தை. புட்டிப்பாலை அந்தத் தண்ணீரிலே கலக்கிக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கிற சக்தியை இழந்து உடம்பு நீலம் பாரிக்கும். அந்தத் தாய் யாரைக் குற்றம் சொல்வாள்?

அடுத்தது வாஸ்து. வாஸ்துவை நான் குறை சொல்ல வரவில்லை. கிணறோ போர்வெல்லோ எந்த மூலையிலே? ஈசானி மூலை, வடகிழக்கு. செப்டிக் டேங்க்? வாயு மூலை, வடமேற்கு. உங்க மனைக்குள்ளே பார்த்தா ரெண்டும் ரெண்டு மூலை, நல்ல தூரம். ஆனால் மேற்கே ஒரு வீடு இருக்கே! அவருக்கும் அதே வாஸ்து, அதே ஜோசியர்! அவர் போர்வெல் அவருடைய ஈசானியிலே. உங்க வாயு மூலையும் அவர் ஈசானி மூலையும் எங்கே சந்திக்குது? ஒரே மதில் சுவருக்கு இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் அவர்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) தெரு முழுக்க இப்படியே கட்டிக்கிட்டுப் போனா என்ன ஆகும்? ஒவ்வொருத்தரும் கிழக்கு வீட்டுக்காரரைக் குடிக்கிறோம்! (நீண்ட கைதட்டல்)

சாஸ்திரம் பார்த்தோம், சந்தோஷம். தரநிர்ணயச் சாஸ்திரம் ஒன்று இருக்கிறதே, அதை யார் பார்த்தோம்? ஐ.எஸ். 2470 என்று பெயர். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் தூரம் வேண்டும் என்கிறது. கிட்டத்தட்ட 60 அடி. மூணு சென்ட் மனையிலே 60 அடிக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன், மதிலுக்கு மேலே எட்டிப் பாருங்கள். கட்டுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுங்கள். "அண்ணே, உங்க போர் எங்கே இருக்கு? நான் குழியை எதிர்ப்பக்கம் தள்ளிக்கறேன்" என்று கேட்க எந்தத் திட்டம் வேண்டும்? எந்த அரசாணை வேண்டும்?

"தூரமே கிடைக்கவில்லையே" என்றால் அதற்கும் வழி இருக்கிறது. தொட்டிக்கு அடித்தளம் போட்டு, உள்ளேயும் வெளியேயும் பூசி, ஒரு சொட்டுக் கசியாமல் கட்டுங்கள். உறிஞ்சுகுழியைப் பாதாளத்துக்கு இறக்காதீர்கள். மண்ணைக் கொட்டி மேடாக்கி, மேட்டிலே வையுங்கள். குழியின் அடியைச் சிமென்ட் போட்டு அடைத்துவிட்டு, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு நைஸ் மணலைக் கொட்டினால், தண்ணீர் பக்கவாட்டிலே மெதுவாக வடியும். நம்ம கடற்கரைப் பருமணலிலே இது முக்கியம். பருமணல் சல்லடை மாதிரி, எதையும் பிடித்து வைக்காது.

ஐந்து பேர் குடும்பத்துக்குத் தொட்டி எவ்வளவு பெரிது வேண்டும்? அதே தரநிர்ணயம் சொல்கிறது: நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் முக்கால் மீட்டர், தண்ணீர் நிற்கிற ஆழம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அதற்கு மேலே ஓர் அடி காலி. அவ்வளவுதான். ஐந்தடிக்கு இரண்டரை அடி! பத்துக்குப் பத்து கட்டுகிற காசிலே பாதியை ஒழுங்காகப் பூசுவதற்குச் செலவு பண்ணினால் போதும். இரண்டு அறை, காற்றுக் குழாய், அதன் வாயிலே கொசுவலை, திறக்கக்கூடிய மூடி. திறக்கக்கூடிய மூடி, தாய்மார்களே! டைல்ஸை உடைத்தால்தான் திறக்கும் என்றால் அது மூடி இல்லை, சமாதி! (சிரிப்பு)

தொட்டி மேலே ஒரு விஷயம். குளிக்கிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் அந்தச் சின்ன வயிற்றிலே திணிக்காதீர்கள். வெள்ளமாக வந்தால் கசடு தங்க நேரமில்லாமல் வெளியே ஓடிவிடும். நம்ம பாட்டி என்ன செய்தாள்? கொல்லையிலே வாழை வைத்தாள், கல்வாழை வைத்தாள், குளித்த தண்ணீரை அதற்குத் திருப்பினாள். பாட்டி எந்தப் பொறியியல் கல்லூரியிலே படித்தாள்? (கைதட்டல்) அப்புறம், வாரா வாரம் ஆசிட்டும் பினாயிலும் பாட்டில் பாட்டிலாக ஊற்றாதீர்கள். உள்ளே செரிக்கிற நுண்ணுயிரை நீங்களே கொன்றுவிட்டு, "டேங்க் சீக்கிரம் ரொம்பிடுச்சு" என்று மேஸ்திரியைத் திட்டினால் எப்படி?

அடுத்து, லாரி. இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடை எடுக்க வேண்டும். நாம் எப்போது கூப்பிடுகிறோம்? வீட்டுக்குள்ளே எதிர்த்துக்கொண்டு வரும்போது! அதுவும் எப்போது? ஐப்பசி அடைமழையிலே. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்ததே, அப்படி ஒரு மழையிலே நிலமே தண்ணீர் குடித்து நிறைந்து நிற்கும்போது உறிஞ்சுகுழி எதை உறிஞ்சும்? அந்த நேரத்திலே தொட்டியைக் காலி பண்ணினால் வேறோர் ஆபத்து. சுற்றியுள்ள நிலத்தடி நீர் காலித் தொட்டியை, அதுவும் பிளாஸ்டிக் தொட்டியை, மேலே தூக்கிவிடும். அதனால் சித்திரை, வைகாசியிலே கூப்பிடுங்கள். எடுக்கும்போது சுத்தமாக வழிக்கச் சொல்லாதீர்கள். கொஞ்சம் கசடை விட்டு வைக்க வேண்டும். தயிருக்கு உறை மோர் விடுகிறோமே, அது மாதிரி! (சிரிப்பு) தட்டைக் கீழே வைக்கச் சொன்னேனா இல்லையா? (பலத்த சிரிப்பு)

சிரித்தது போதும் நடுவர் அவர்களே. இனி நான் சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

லாரிக்குப் பதிலாக ஆளைக் கூப்பிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "கொஞ்சம் அடைப்புதான், இறங்கிக் குத்திவிட்டுட்டு வாப்பா" என்று இருநூறு, முந்நூறு சேர்த்துக் கொடுக்கிறார்கள். மூடிய தொட்டிக்குள்ளே விஷவாயு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாது. இறங்கினவர் மயங்கி விழுகிறார். காப்பாற்ற இரண்டாவது ஆள் இறங்குகிறார். அவரும் விழுகிறார். அண்ணனைத் தூக்கத் தம்பி இறங்குகிறான். ஒரு தொட்டியிலே இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தித்தாளிலே படிக்கிறோமே, அது இப்படித்தான் நடக்கிறது.

2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்கிறது. பாதுகாப்பு இல்லாமல் ஓர் ஆளைத் தொட்டிக்குள்ளே இறக்கினால், இறக்கியவருக்கு முதல் தடவையே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அது வீட்டுக்காரருக்கும் பொருந்தும். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023 அக்டோபரில், சாக்கடை மரணங்களுக்கு அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. எதிரணியினரைக் கேட்கிறேன். சட்டம் போட வேண்டியது அரசு, போட்டாயிற்று. தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீதிமன்றம், சொல்லியாயிற்று. நம்ம வீட்டு வாசலிலே நின்று, "வேண்டாம்பா, நீ இறங்காதே, லாரி வரட்டும்" என்று சொல்ல வேண்டியது யார்? (நீண்ட கைதட்டல்)

இன்னொரு வாதம் வைத்தார்கள். "லாரிக்காரர் ஏரியிலே கொட்டறார், ஓடையிலே கொட்டறார், அரசு என்ன செய்தது?" என்றார்கள். தமிழக அரசு 2014-லேயே இதற்கென்று வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. நம்ம செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழியிலே, செப்டிக் டேங்க் கசடைச் சுத்திகரிக்கிற நிலையம் 2017-ல் செயலுக்கு வந்தது. தமிழ்நாட்டிலேயே அதுதான் முதலாவது. கசடை உலர்த்தி எருவாக்குகிறார்கள். கருங்குழி என்றதும் வள்ளலார் ஞாபகம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், அது வடலூர்ப் பக்கத்துக் கருங்குழி. அங்கே தண்ணீரிலே விளக்கெரிந்தது என்பார்கள். இந்தக் கருங்குழியிலே கழிவு எருவாகிறது. என்னைக் கேட்டால் இரண்டுமே அற்புதம்தான்! (கைதட்டல்)

ஒப்புக்கொள்கிறேன், கருங்குழி கடப்பாக்கத்துக்குப் பக்கத்திலே இல்லை. கடற்கரையை ஒட்டியும் இப்படி நிலையங்கள் வேண்டும். அதை அரசிடம் கேட்போம், எதிரணியோடு சேர்ந்து நானும் ஓங்கிக் கேட்பேன். ஆனால் நிலையம் கட்டிவிட்டால் கசடு தானாக நடந்து போகுமா? லாரிக்காரரிடம் பேரம் பேசுகிறோம், "ஐந்நூறு குறைச்சுக்க" என்கிறோம். அவர் எங்கே குறைப்பார்? டீசலிலே குறைப்பார். தூரத்திலே குறைப்பார். உங்க வீட்டிலே எடுத்ததை அடுத்த ஊர் ஏரியிலே விட்டுவிட்டுப் போவார். ஆகவே பணம் கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கே கொண்டுபோய் ஊத்துவீங்க? உரிமம் இருக்கா?" இந்தக் கேள்விக்கு வரி கிடையாது!

முசிறியைப் பாருங்கள். காவிரிக் கரையிலே, நீர்மட்டம் மேலே நிற்கிற ஊர். மாராச்சி சுப்புராமன் என்பவர், தண்ணீரோடு கலக்காமல் மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாகப் பிரித்து எருவாக்குகிற கழிப்பறைகளை அந்தப் பக்கத்திலே பரப்பினார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். விருது கொடுத்தது அரசு, சரி. ஆனால் நாள் தவறாமல் சாம்பல் தூவி, துவாரத்தை மூடி, அதை ஒழுங்காகப் பயன்படுத்தியது யார்? வீட்டுக்காரர்கள்! அவர்கள் செய்யாவிட்டால் திட்டம் காகிதத்திலே இருந்திருக்கும். (கைதட்டல்)

நடுவர் மணியிலே கை வைக்கிறார். முடித்துவிடுகிறேன்.

அரசு குழாய் போடலாம், நிலையம் கட்டலாம், சட்டம் இயற்றலாம். ஆனால் உங்கள் தொட்டிக்கு அடித்தளம் போட்டீர்களா என்று பார்க்க எந்த அதிகாரியும் மண்ணுக்குள்ளே வர முடியாது. அது உங்களுக்கும், மேஸ்திரிக்கும், மனசாட்சிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். கொஞ்ச நாள் கழித்து அது நாலாவதாக ஓர் ஆளுக்குத் தெரிய வரும். யார் அவர்? அடுத்த வீட்டிலே ஜுரமாகப் படுத்திருக்கிற குழந்தை.

மதில் சுவர் மண்ணுக்கு மேலேதான் ஐயா! கீழே சுவரே கிடையாது. மேலே நாம் சாதி பார்க்கிறோம், கட்சி பார்க்கிறோம், அரை அடி மனைக்கு வழக்குப் போடுகிறோம். கீழே எல்லோருடைய ஊற்றும் ஒரே ஊற்று. தொட்டி உங்களுடையது. ஊற்று ஊருடையது. உங்களுடையதை ஒழுங்காக வைத்துக்கொண்டால் ஊருடையது தானாகப் பிழைக்கும். ஆகவே, பாதாளச் சாக்கடை வராத ஊரிலே சுகாதாரம் காக்கப் பெரிதும் தேவை வீட்டாரின் பொறுப்பே, பொறுப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.

இப்போது தட்டை எடுத்துக்கொள்ளலாம். கையை மட்டும் நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்! (நீண்ட கைதட்டல்)